வரிசையாக மூன்று தடிப்புகள்... கடித்தது மூட்டைப்பூச்சி, பழி சுமந்தது ஒரு தங்கை!

காலை 5:40 மணி. அலாரம் அடிக்க இன்னும் 20 நிமிடம் இருந்தது. அதற்குள் இடது கை என்னை எழுப்பிவிட்டது. முழங்கைக்குக் கீழே அப்படியொரு அரிப்பு. மொபைல் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். மூன்று சிவப்புத் தடிப்புகள், ஸ்கேல் வைத்துப் புள்ளி வைத்த மாதிரி ஒரே வரிசையில்.

'கொசுவா இருக்கும்' என்று திரும்பிப் படுத்துவிட்டேன். மேற்குத் தாம்பரத்தில் கொசுவுக்கா பஞ்சம்? மறுநாள் கழுத்தில் இரண்டு. அதற்கு மறுநாள் தோள்பட்டையில் நான்கு. அன்றைக்கு பீச் ரயிலில் சானடோரியம் தாண்டுவதற்குள், எதிரே உட்கார்ந்திருந்த அம்மா என் கழுத்தையே மூன்று முறை பார்த்துவிட்டார். துப்பட்டாவை இழுத்துச் சுற்றிக்கொண்டேன்.

நான் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். எது நடந்தாலும், 'ஏன், எப்படி, என்ன செய்யலாம்' என்று விளக்கம் எழுதுவதுதான் என் பிழைப்பு. 2023-ல் பாரிஸ் நகரமே மூட்டைப்பூச்சியால் அலறியபோது, டிப்ளோமா வகுப்பில் அதைத் தமிழில் எழுதச் சொன்னார்கள். 'பாரிஸுக்கே இந்தக் கதியா?' என்று தலைப்பு வைத்துவிட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு வட்டியும் முதலுமாகப் போன வருடம் ஆகஸ்ட்டில் கட்டினேன். கட்டியது நான் மட்டும் இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்திருக்கிறது.

நாலு பேர், ஒரு வீடு

எங்கள் வீட்டில் நாங்கள் நாலு பேர். இரண்டு பெட்ரூம், முதல் மாடி, கீழே ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி. பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கும் திருநெல்வேலி அக்காவும் நானும் ஒரு ரூம். ஐ.டி-யில் வேலை பார்க்கும் சேலத்துத் தோழி இன்னொரு ரூம். ஆகஸ்ட் 10-ம் தேதி நாலாவதாக ஒரு தங்கை வந்து சேர்ந்தாள். அரியலூர் பக்கத்துக் கிராமம். வயது 20. குரோம்பேட்டையில் ஒரு கடையில் பில்லிங் வேலை. ஒரு டிராவல் பேக், ஒரு இலவம்பஞ்சுத் தலையணை, அவள் அம்மா வாங்கிக் கொடுத்த ஒரு கோரைப்பாய். இவ்வளவுதான் அவள் உடைமை. கட்டில் வேண்டாம், தரையே பழக்கம் என்று ஹாலில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள்.

அவள் வந்த ஒரு வாரத்தில்தான் என் கையில் அந்த மூன்று தடிப்புகள். இரண்டு நாள் கழித்து அக்காவின் முதுகில். பிறகு சேலத்துத் தோழியின் கணுக்காலில். அந்தத் தங்கைக்கு மட்டும் ஒரு புள்ளிகூட இல்லை.

கணக்கு சரியாக வந்துவிட்டது என்று நினைத்தோம். அவள் வந்தாள், பூச்சி வந்தது. எங்கள் மூவரையும் கடிக்கிறது, அவளைக் கடிக்கவில்லை. 'பழகிப்போயிருக்கும்' என்று யாரோ சொன்னோம். யாரோ என்ன யாரோ, நான்தான் சொன்னேன்.

ஒரு ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். "தப்பா நினைச்சுக்காதேம்மா. உன் பாய், தலையணையிலேர்ந்து வந்திருக்குமோன்னு ஒரு டவுட்டு."

அவள் மறுத்துப் பேசவில்லை. "எங்க வீட்ல மூட்டைப்பூச்சி இல்லக்கா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். மறுநாள் காலையில் பார்த்தால் தலையணையை மொட்டை மாடியில் வெயிலில் போட்டிருந்தாள். பாயைக் காணோம். அடுத்த மூன்று ராத்திரி, வெறும் தரையில் ஒரு போர்வையை விரித்துப் படுத்தாள். நாலாம் நாள், "ஊரப்பாக்கத்துல சித்தி வீட்டுக்குப் போறேன்க்கா, அங்கேர்ந்து வேலைக்குப் போறது ஈஸி" என்றாள். பேக்கைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

ஊரப்பாக்கத்திலிருந்து குரோம்பேட்டைக்கு வருவது மேற்குத் தாம்பரத்திலிருந்து வருவதைவிடத் தூரம். அது எங்களுக்கும் தெரியும்.

அவள் போனாள். கடி போகவில்லை.

"பூச்சியைப் பிடிச்சுட்டு வா!"

அவள் போய் ஒரு வாரம். என் இடுப்புக்கு மேலே ஐந்து புதுத் தடிப்புகள். இதற்கிடையில் நான் செய்யாத ஆராய்ச்சி இல்லை. தடிப்பைப் போட்டோ எடுத்து நெட்டில் தேடினால், கொசு, எறும்பு, சிலந்தி, சிரங்கு, அலர்ஜி, அம்மை என்று எல்லாப் படமும் என் கையைப் போலவே இருந்தது. கடைசியில் தோல் டாக்டரிடம் போனேன்.

அவர் முதலில் பார்த்தது தடிப்பை அல்ல. என் விரல் இடுக்குகளைப் பார்த்தார். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். தொப்புளைச் சுற்றி அரிக்கிறதா, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா, பூனை, நாய் உண்டா, ஜன்னலில் புறா கூடு கட்டியிருக்கிறதா, சமீபத்தில் எங்கேயாவது தங்கினாயா என்று வரிசையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"மூட்டைப்பூச்சியா இருக்கலாம்னு சொல்வேன். மூட்டைப்பூச்சிதான்னு கடியை மட்டும் வெச்சு என்னால சொல்ல முடியாதும்மா. தோல்ல தெரியறது உன் உடம்பு காட்டுற எதிர்ப்பு. ஒரே பூச்சி நாலு பேரைக் கடிச்சா நாலு விதமா வரும். ஒருத்தருக்கு ஒண்ணுமே வராது. வீட்ல தேடு. பூச்சி கிடைச்சா ஒரு செலோ டேப்ல ஒட்டி எடுத்துட்டு வா."

'ஒருத்தருக்கு ஒண்ணுமே வராது.' அந்த வரி கிளினிக்கிலிருந்து வீடு வரைக்கும் என்னோடு நடந்து வந்தது.

யார் கடித்தால் எப்படி இருக்கும்?

டாக்டர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். இவை துப்புகள்தான், தீர்ப்பு அல்ல.

மூட்டைப்பூச்சி: தூங்கும்போது துணிக்கு வெளியே இருக்கும் கை, கழுத்து, தோள், முகம், முதுகு ஆகிய இடங்களில் சிவப்பாகத் தடிக்கும். பல நேரம் மூன்று நான்கு ஒரே வரிசையாக அல்லது கொத்தாக இருக்கும். கடிக்கும்போது தெரியாது. அதன் எச்சிலில் தோலை மரத்துப்போக வைக்கும் பொருளும், ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் பொருளும் இருக்கின்றன. ஐந்து, பத்து நிமிடம் நிதானமாகக் குடித்துவிட்டுப் போய்விடும். தடிப்பு சில மணி நேரத்தில் வரலாம். சிலருக்கு 14 நாள்கூட ஆகலாம். இன்னும் சிலருக்கு வரவே வராது. வந்தால், போக ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும்.

கொசு: பெரும்பாலும் கடித்த உடனே தெரிந்துவிடும். தனித்தனியாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக உப்பும். ஓரிரு நாளில் அடங்கிவிடும். ராத்திரிதான் கடிக்கும் என்றும் நினைக்காதீர்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது.

தெள்ளுப்பூச்சி: பூனை, நாய் உள்ள இடங்களில் இருக்கும். தரையிலிருந்து தாவும் என்பதால் கணுக்கால், பாதம், முழங்காலுக்குக் கீழேதான் பெரும்பாலும் கடி. நடுவில் ஒரு குத்துப்புள்ளியோடு சின்னச் சின்னதாக இருக்கும்.

சிரங்கு: இது கடி அல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணி தோலுக்குள்ளேயே வளை தோண்டிக் குடியிருக்கும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, தொப்புளைச் சுற்றி அரிக்கும். ராத்திரியில் அரிப்பு உயிரை எடுக்கும். முதல்முறை வருபவர்களுக்கு அறிகுறி தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதற்குள் வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றியிருக்கும். கட்டிலைக் கொளுத்தினாலும் இது போகாது. டாக்டர் கொடுக்கும் மருந்தை வீட்டில் எல்லோரும் ஒரே சமயத்தில் பூச வேண்டும். மூட்டைப்பூச்சி என்று நினைத்துச் சிரங்கை வளர விடுவதும், சிரங்கு என்று நினைத்து மூட்டைப்பூச்சியை வளர விடுவதும் ஹாஸ்டல்களில் எளிதாக நடக்கக்கூடியவை.

ரோவ் வண்டு: மழைக்காலத்தில் டியூப்லைட்டைத் தேடி வரும். எறும்பு மாதிரி ஒல்லியாக, ஆரஞ்சும் கறுப்புமாக இருக்கும். இதுவும் கடிப்பதில்லை. கழுத்தில் ஊரும்போது நாம் அனிச்சையாகத் தேய்த்துவிடுவோம். அதன் உடலில் உள்ள பெடரின் என்ற நச்சு, தோலில் தீக்காயம் போலக் கோடாகக் கொப்புளம் கிளப்பும். இதில் அரிப்பைவிட எரிச்சல்தான் அதிகம். 2022 ஜூலையில் சிக்கிமில் ஒரு பொறியியல் கல்லூரியில் சுமார் 100 மாணவர்கள் இதனால் பாதிக்கப்பட்டார்கள். 'நைரோபி ஈ' என்று செய்திகளில் அடிபட்டது இந்த வண்டுதான். மேலே ஊர்ந்தால் நசுக்காமல் ஊதித் தள்ளுங்கள். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

புறா உண்ணி: ஏ.சி. பெட்டிக்குப் பின்னால், ஜன்னல் திட்டில் புறா கூடு கட்டிக் குஞ்சுகள் பறந்துபோன பிறகு, பட்டினி கிடக்கும் உண்ணிகள் வீட்டுக்குள் வரும். பொடிப்பொடியாகச் சிவந்து அரிக்கும். கூட்டை அகற்றினால்தான் தீரும்.

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தவே கூடாது. உடம்பில் எங்காவது சிகரெட்டால் சுட்ட மாதிரி வலியில்லாத கறுப்புப் பொருக்கும், கூடவே காய்ச்சல், தலைவலியும் இருந்தால், அது ஸ்க்ரப் டைபஸாக இருக்கலாம். புதர்களில் இருக்கும் ஒரு வகை உண்ணியின் குஞ்சு கடித்து வருவது. தமிழ்நாட்டில் இது நன்றாகவே இருக்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும். விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

எல்லாம் படித்து முடித்தபோது ஒன்று உறைத்தது. சேலத்துத் தோழிக்குக் கணுக்காலில் மட்டும்தான் கடி. ஹவுஸ் ஓனர் ஆன்ட்டியின் மாடிப்படிக்குக் கீழே பூனை குட்டி போட்டிருந்தது. தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் அவள் அரைமணி நேரம் அங்கேதான் உட்கார்ந்திருப்பாள். ஆக, எங்கள் 'ஒரே குற்றவாளி' கணக்கு அப்போதே ஆட்டம் கண்டுவிட்டது. ஒரு வீட்டில் இரண்டு பூச்சிகள்.

விடிகாலை மூன்று மணி

மூட்டைப்பூச்சி அதிகம் நடமாடுவது விடியலுக்கு முந்தைய நேரத்தில். நம் மூச்சுக்காற்றில் உள்ள கார்பன் டை ஆக்ஸைடும் உடல் சூடும்தான் அதற்கு வழிகாட்டி. மூன்று மணிக்கு அலாரம் வைத்தேன். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் பழைய ஏ.டி.எம். கார்டு. அக்காவின் கட்டிலிலிருந்து ஆரம்பித்தோம். மெத்தைத் தையலின் மடிப்புகளுக்குள் கார்டை விட்டு இழுத்தோம். ஒன்றே ஒன்று கிடைத்தது. ஆப்பிள் விதை அளவு, தட்டையாக, செம்பழுப்பாக. நசுக்கியதும் ஒரு மாதிரி வாடை. அக்கா, "அய்யே" என்று கையை உதறினாள்.

ஹாலில் தங்கை படுத்திருந்த இடம், சுவரோரம், ஸ்விட்ச் போர்டு இடுக்கு என்று எல்லாம் பார்த்தோம். ஒன்றும் இல்லை.

கடைசியாக என் கட்டில். தலைமாட்டுப் பலகையும் சட்டமும் சேரும் மூலையில் டார்ச்சை அடித்தேன். பால்பாயின்ட் பேனாவால் குத்திக் குத்தி வைத்த மாதிரிக் கறுப்புப் புள்ளிகள். அவை அதன் எச்சம், அதாவது செரித்த ரத்தம். ஈரப் பஞ்சால் துடைத்தால் துருப்பிடித்த நிறத்தில் இழுபட்டது. இடுக்குக்குள் கசகசா மாதிரி வெள்ளை முட்டைகள். வளரும்போது கழற்றிப் போட்ட தோல் கூடுகள். ரவை அளவில் குஞ்சுகள். அவற்றோடு பெரியவையும், நான் எண்ணுவதை நிறுத்தும் அளவுக்கு.

அந்தக் கட்டில் ஜூன் முதல் வாரத்தில் நான் வாங்கியது. செகண்ட் ஹேண்ட். விலை குறைவு என்று பேரம் பேசி ஜெயித்த சந்தோஷத்தில், ஒரு துணி வைத்துக்கூடத் துடைக்காமல் மெத்தையைப் போட்டுப் படுத்த கட்டில்.

உடனே மொபைலை எடுத்து அம்மாவுக்கு அனுப்பிய பழைய வாட்ஸ்அப்களைத் தேடினேன். ஜூலை 2: என் கையின் போட்டோ. கீழே, 'வேர்க்குரு மாதிரி இருக்குமா, அரிக்குது.' அம்மாவின் பதில், 'பவுடர் போடு.' போட்டோவைப் பெரிதாக்கினேன். மங்கலாக மூன்று தடிப்புகள், வரிசையாக. தங்கை எங்கள் வீட்டுப் படியேறுவதற்கு ஒரு மாதத்துக்கும் மேல் முன்னால்.

இதில்தான் நாங்கள் ஏமாந்திருக்கிறோம். மூட்டைப்பூச்சி கடித்ததும் எல்லோர் உடம்பும் உடனே காட்டிக்கொடுக்காது. திரும்பத் திரும்பக் கடி வாங்கும்போதுதான் பலருக்கு எதிர்ப்பு கூடிக்கொண்டே போகும். ஆரம்பத்தில் பல நாள் கழித்து வந்த தடிப்பு, பிறகு சில மணி நேரத்திலேயே வரும். இன்னொரு பக்கம், நம் ஊர் வெப்பத்தில் முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாக 5, 6 வாரம் போதும். ஜூனில் நாலைந்தாக வந்தவை ஆகஸ்ட்டில் குடும்பம் குட்டியாகிவிட்டன. ஆக, தடிப்பு தெரிய ஆரம்பித்த நாளை, பூச்சி வீட்டுக்குள் வந்த நாளாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த இரண்டையும் ஒன்றாக்கித்தான் ஒரு பெண்ணை வெறும் தரையில் படுக்க வைத்தேன். அவளுக்குத் தடிப்பு வராததற்குக் காரணம் 'பழக்கம்' அல்ல. பூச்சி என் கட்டிலில் இருந்தது, அவள் ஹாலில் இருந்தாள். ஒருவேளை கடித்திருந்தாலும் அவள் உடம்பு காட்டாத உடம்பாக இருந்திருக்கலாம்.

மதராஸில் ஒரு தவறான குற்றவாளி

பஞ்சதந்திரத்தில் ஒரு கதை வரும். ராஜாவின் படுக்கையில் ஒரு பேன் ரொம்ப நாளாகச் சத்தமில்லாமல் வாழ்ந்துகொண்டிருக்கும். விருந்தாளியாக வரும் மூட்டைப்பூச்சி, ராஜா தூங்குவதற்கு முன்பே அவசரப்பட்டுக் கடித்துவிட்டு இடுக்குக்குள் ஓடிவிடும். தேடி வந்த சேவகர்கள் கையில் சிக்கிச் சாவது பேன்.

கதையில் தப்பித்த மூட்டைப்பூச்சி, நிஜத்தில் ஒருமுறை நம் ஊரிலேயே வீண்பழி சுமந்திருக்கிறது. 1903-ல் மதராஸ் அரசு பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனோவன் என்ற மருத்துவர், காலா அசார் என்கிற கொடிய காய்ச்சலுக்குக் காரணமான கிருமியைக் கண்டார். இன்றும் அந்தக் கிருமிக்கு அவர் பெயரும் சேர்ந்துதான் வழங்குகிறது. சரி, கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போகிறது? 1907-ல் மதராஸில் பணியாற்றிய பேட்டன் என்ற மருத்துவர், நம் ஊர் மூட்டைப்பூச்சியின் வயிற்றில் அந்தக் கிருமி வளர்வதைப் பார்த்ததாக எழுதினார். சந்தேகம் மூட்டைப்பூச்சி மேல் விழுந்தது. நோயாளியின் கட்டிலில் அது இருந்ததே, வேறென்ன சாட்சி வேண்டும்? உண்மையான குற்றவாளி மணல் ஈ என்பது தன்னார்வலர்களிடம் நடந்த பரிசோதனையில் ஐயமில்லாமல் உறுதியானது 1942-ல்தான்.

இன்றுவரை, மூட்டைப்பூச்சிக் கடியால் மனிதர்களுக்கு எந்த நோயும் பரவுவதாக உறுதியாகவில்லை. அரிப்பு, சொறிந்து புண்ணாவது, தூக்கம் போவது, கூடவே அவமானம். அது தருவது இவைதான். அந்தக் கடைசி ஒன்றை நாம் நினைத்தால் குறைக்கலாம்.

ஏனென்றால், இது அழுக்கால் வருவதில்லை. பூச்சிக்குத் தேவை அழுக்கு அல்ல, ரத்தம். அது பேன் போல உடம்பில் தங்குவதும் இல்லை. பெட்டி, பை, மெத்தை, மரச்சாமான்கள் வழியாகத்தான் பயணம் செய்யும். பாரிஸிலும் சியோலிலும் நல்ல ஹோட்டல்களில் தங்கியவர்கள்கூடச் சூட்கேஸில் சுமந்து போயிருக்கிறார்கள். என் அம்மா தலைமுறைக்கு, டென்ட் கொட்டகை நாற்காலியில் கடி வாங்கிக்கொண்டே முழுப் படமும் பார்த்துவிட்டு வந்தது சிரித்துப் பேசும் நினைவு. 'மூட்டைப்பூச்சி கொல்லும் மெஷின்' என்று விளம்பரம் பார்த்துப் பணம் அனுப்பினால், பார்சலில் இரண்டு கல் வரும் என்ற ஜோக் தெரியாத குடும்பம் உண்டா? நடுவில் டி.டி.டி. வந்து பூச்சி குறைந்தது. ஆனால், 1947-லேயே ஹவாயில் பேர்ல் ஹார்பர் ராணுவக் குடியிருப்பில் டி.டி.டி-க்கு அசையாத மூட்டைப்பூச்சிகளைப் பார்த்துவிட்டார்கள். இப்போது கடைகளில் கிடைக்கும் பல ஸ்பிரேக்களுக்கும் அதே கதைதான்.

நாங்கள் என்ன செய்தோம்?

முதலில், என்ன செய்யவில்லை என்று சொல்கிறேன். அக்கா மண்ணெண்ணெய் ஊற்றலாம் என்றாள். நெருப்புக்கு அழைப்பு வைப்பதற்கு அது சமம். தோழி, மருந்து வாங்கி மெத்தை முழுக்க அடிக்கலாம் என்றாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. 2024 நவம்பரில் நமக்குப் பக்கத்தில் குன்றத்தூர் அருகே, எலிக்காக வீட்டில் வைத்த மருந்தின் நச்சுக்காற்றில் இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்துபோனார்கள். அது எலி மருந்து, இது வேறு பூச்சி. ஆனால், மூடிய அறையில் தூங்குகிறவர்களுக்கும் விஷத்துக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு குறைவு என்று அந்தச் செய்தி காட்டியது.

மூட்டைப்பூச்சிக்குச் சூடு ஆகாது. 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் முட்டை உட்படச் செத்துவிடும். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துணி எல்லாவற்றையும் பாலித்தீன் பையில் கட்டிக்கொண்டு போய், 60 டிகிரியில் துவைத்தோம். துவைக்க முடியாததைப் பையோடு கட்டிவைத்தோம். கட்டிலை மொட்டை மாடியில் வைத்துப் பிரித்து, ஒவ்வொரு மூட்டிலும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினோம். காய்ந்ததும் விரிசல்களை எம்-சீல் வைத்து அடைத்தோம். மெத்தையை வெறுமனே வெயிலில் போட்டால் மட்டும் போதாது. மேலே சுட்டால் பூச்சி உள்ளே போகுமே தவிர, சாகாது.

கட்டில் காலுக்கு அடியில் வழவழப்பான கிண்ணம் வைத்துப் பூச்சியைப் பிடிக்கும் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் அதிகம் இருப்பது சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ் என்ற வகை. குளிர்நாட்டு வகையைவிட இது வழவழப்பான பரப்பில் நன்றாக ஏறும்.

அதன் பிறகு, ஹவுஸ் ஓனர் ஆன்ட்டியிடம் உண்மையைச் சொன்னோம். திட்டுவார் என்று பயந்தோம். அவரோ, "நான் கல்யாணமாகி வந்த வீட்ல பார்க்காத மூட்டைப்பூச்சியா?" என்று சொல்லிவிட்டு, செலவில் ஒரு பங்கு தானும் தருவதாகச் சொன்னார். உரிமம் உள்ள பூச்சி ஒழிப்பு ஆட்களை வரவழைத்தோம். ஆளுக்கு 900 ரூபாய். மருந்தின் பெயர், எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும், எப்போது ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று எல்லாம் எழுதி வாங்கினோம். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வரச் சொன்னோம். மருந்துக்குத் தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும் என்பதால், ஒருமுறை அடித்ததோடு விட்டால் பாதி வேலைதான்.

கட்டிலைக் கேட்டு ஒரு பழைய சாமான் வியாபாரி வந்தார். 800 ரூபாய் தருகிறேன் என்றார். கொடுத்திருந்தால் என் கதை இன்னொரு வீட்டில் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கும். கொடுக்கவில்லை. இன்றும் அதில்தான் படுக்கிறேன்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ, ஆன்லைனிலோ, ஊருக்குப் போகும் நண்பரிடமோ பழைய சாமான் வாங்குவதில் தப்பே இல்லை. என் புத்தக அலமாரியும் பழையதுதான், இன்றுவரை எந்தப் பிரச்னையும் இல்லை. வாங்கும் முன் மூட்டு, ஆணித் துளை, மெத்தைத் தையல் ஆகியவற்றில் டார்ச் அடித்துப் பாருங்கள். லாட்ஜில் தங்கினால் பெட்டியைக் கட்டில் மேல் வைக்காதீர்கள். அரிப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே ஸ்டீராய்டு க்ரீம் வாங்கிப் பூசாதீர்கள். அது படர்தாமரையாக இருந்தால் இன்னும் பரவிவிடும். கடித்த இடத்தில் சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போங்கள். முகம் வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ நேரத்தைக் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இன்னொரு வேலை பாக்கி இருந்தது

கட்டில் காய்ந்த அன்று சாயங்காலம் தங்கைக்கு போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். என் கட்டில், ஜூலை 2 வாட்ஸ்அப், எல்லாவற்றையும். "என் மேலதான் தப்பும்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பரவால்லக்கா" என்றாள். "பாயைத்தான் குப்பையில போட்டுட்டேன். அம்மா கேட்டாங்க, பாய் நல்லா இருக்கான்னு. இருக்குதுன்னு சொல்லிட்டேன்."

மன்னிப்புக் கேட்கும் கட்டுரைகள் நிறைய எடிட் செய்திருக்கிறேன். அந்த இடத்தில் எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் நாலு கடை ஏறி இறங்கி ஒரு கோரைப்பாய் வாங்கினேன். ரயிலில் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பெருங்களத்தூர், வண்டலூர் தாண்டி ஊரப்பாக்கத்தில் இறங்கினேன். சித்தி காபி கொடுத்தார். அவரிடம் அவள் எதையும் சொல்லவில்லை என்பது அவர் பேசிய விதத்திலேயே தெரிந்தது. திரும்பி எங்கள் வீட்டுக்கு வருகிறாயா என்று கேட்டேன். "இங்கயே பழகிடுச்சுக்கா" என்றாள். நானும் வற்புறுத்தவில்லை.

கிளம்பும்போது பாயை அவள் கையில் கொடுத்தேன். வாங்கி, வாசல் வெளிச்சத்தில் ஓரத்துத் தையலை விரலால் பிரித்துப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள்.

"டார்ச் அடிச்சுப் பார்த்துட்டீங்களாக்கா?"